தட்டணுக் கணக்கு



இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன என்று ஒரு சீட்டு வந்து சேர்ந்த வீட்டில் என்ன நிகழும் என்பதை நான் அறிவேன். என் மனைவியார் எட்டு ஆண்டுகளாக அந்தக் குறையோடு வாழ்ந்து வருகிறார். முதல் இரண்டு ஆண்டுகளில் எங்கள் வீட்டு மகிழ்ச்சியும் துயரமும் இரத்தப் பரிசோதனைச்சாலையிலிருந்தே வந்தன. எண் 38,000 என்று வந்த நாளில் பாயசம் வைத்தோம். அடுத்த வாரம் 24,000 என்று வந்தபோது அடுப்பு மூட்டவும் எங்களுக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்தவன் நான். ஓர் எண்ணைக் கண்டு, அது எப்படி வந்தது என்று கேளாமலே நடுங்கியது எனக்குப் பின்னர் வெட்கமாக இருந்தது. எங்கள் மருத்துவர் சலிப்படையும் அளவுக்கு அவரைக் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். மருந்து சொல்லும் தகுதி எனக்கில்லை. எண் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதைப் பற்றி மட்டுமே பேசுவேன்.

பிளேட்லெட் என்று சீட்டில் எழுதப்படும் இத்தட்டணுக்கள் மிகச் சிறியவை. குறுக்களவில் இரண்டு மூன்று மைக்ரான்களே இருக்கும். சிவப்பணுவின் குறுக்களவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எலும்பு மஜ்ஜையில் வாழும் மிகப் பெரிய உயிரணுக்களின் ஓரங்கள் துண்டு துண்டாகப் பிரிந்து இரத்தத்தில் கலப்பதனாலேயே இவை உண்டாகின்றன. இத்தாலி நாட்டு அறிஞர் பிட்சோசெரோ 1882-இல் இவற்றைத் தனி அணுக்களாக விளக்கிக் காட்டினார். இரத்தக் குழாயின் சுவரில் காயம் பட்ட இடத்தில் இவை வந்து ஒட்டிக்கொண்டு அடைப்பை உண்டாக்குவதை அவர் உருப்பெருக்கியின் வழியே கண்டார். கரை உடைந்த இடத்தில் ஊரார் கூடி மண்மூட்டையிட்டு அடைப்பதைப் போன்ற வேலை அது. நலமுள்ள ஒருவர் இரத்தத்தில், ஒரு கன மில்லிமீட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கும். ஒரு தட்டணுவின் ஆயுள் எட்டு முதல் பத்து நாட்கள். ஆகவே நாள்தோறும் பழையன கழிந்து புதியன வந்துகொண்டே இருக்கின்றன. நாளொன்றுக்கு மஜ்ஜை விடுவிக்கும் தட்டணுக்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி என்கிறார்கள்.

தொட்டிக் கணக்கை நீங்கள் எல்லோரும் பள்ளியில் போட்டிருப்பீர்கள். ஒரு தொட்டியில் ஒரு குழாய் வழியே நீர் வருகிறது, மற்றொரு குழாய் வழியே வெளியேறுகிறது. தொட்டியில் எவ்வளவு நீர் நிற்கும் என்பது கேள்வி. அந்தக் கணக்கினால் வாழ்க்கையில் என்ன பயன் என்று என்னைக் கேட்ட மாணவர்கள் பலர். அவர்களுக்கு அன்று சொல்ல முடியாத விடை எனக்கு அறுபது வயதுக்குமேல் கிடைத்தது.

நலமுள்ள ஒருவருக்கு எண் 2,50,000 என்றும், தட்டணுவின் ஆயுள் பத்து நாள் என்றும் எளிமைக்காகக் கொள்வோம். அப்படியானால் நாளொன்றுக்கு 25,000 வருகிறது, 25,000 போகிறது. ஏதோ காரணத்தால் வரவு ஒருநாள் முழுதும் நின்றுபோனாலும் எண் 2,25,000 ஆகும், அவ்வளவுதான். யாரும் அதைக் கவனிக்கமாட்டார்கள். இப்போது வரவு முன்போலவே இருக்க, தட்டணுக்கள் பிறந்த ஒரு நாளிலேயே அழிக்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் நிற்பது ஒரு நாள் வரவாகிய 25,000 மட்டுமே. அழிவின் வேகம் சற்றே கூடி, ஆயுள் 24 மணியிலிருந்து 18 மணியாகக் குறைந்தால் எண் 18,750-க்கு இறங்கும். வேகம் சற்றுத் தணிந்து ஆயுள் 30 மணியானால் 31,250-க்கு ஏறும். இந்த மாற்றத்துக்குப் பல நாட்கள் வேண்டியதில்லை. ஓரிரு நாட்களிலேயே நிகழ்ந்துவிடும். நிறைந்த ஏரியில் ஒரு குடம் மொண்டால் தெரியாது. கோடைக் கிணற்றின் அடியில் ஊறிக் கிடக்கும் நீரில் ஒரு குடம் மொண்டால் மட்டம் சட்டென்று தாழ்வது தெரியும். அரைநாழிகை சென்று பார்த்தால் மீண்டும் ஊறியிருக்கும். எண் தாழ்ந்திருப்பவருக்கு அது ஊசலாடுவதும் இயல்பு. இதை அறிந்த அன்று என் மனத்திலிருந்து பாதிப் பாரம் இறங்கியது.

என் மனைவியாருக்கு வந்திருப்பது ஐ.டி.பி. என்று மூன்றெழுத்தில் குறிக்கப்படுவது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தன் தட்டணுக்களைப் பகையென்று தவறாக எண்ணி, அவற்றின்மேல் எதிர்ப்பொருள்களை ஒட்டிவைக்கிறது. அப்படி அடையாளமிடப்பட்ட தட்டணுக்களை முக்கியமாக மண்ணீரல் பிடித்து அழித்துவிடுகிறது. குற்றம் வரவில் இருக்கிறதா, செலவில் இருக்கிறதா என்ற வழக்கு மருத்துவ உலகில் நெடுநாள் நடந்தது. அதில் பெருந்திருப்பத்தை உண்டாக்கியவர் ஹாரிங்டன் என்னும் அமெரிக்க மருத்துவர். 1950-இல், செயின்ட் லூயிஸ் நகரில், இந்நோயுடைய ஒரு பெண்ணின் இரத்தத்தை அரை லிட்டர் அளவு எடுத்துத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். அவருடைய நண்பர் ஹாலிங்ஸ்வர்த் உடனிருந்தார். சில மணி நேரத்தில் ஹாரிங்டனின் தட்டணுக்கள் மிக மிகத் தாழ்ந்தன. தோலில் இரத்தப் புள்ளிகள் தோன்றின. அவருடைய மஜ்ஜையைச் சோதித்தபோது, தட்டணுக்களை ஈனும் பேரணுக்கள் குறையவில்லை. எண் சில நாள் தாழ்ந்தே கிடந்து, ஒரு வாரத்துக்குள் மீண்டும் ஏறியது. நோயாளியின் இரத்தத்தில் கலந்திருந்த ஏதோ ஒன்று தட்டணுக்களை அழிக்கிறது என்பது இதனால் விளங்கியது. மஜ்ஜையில் நிகழும் உற்பத்தியும் ஓரளவு தடைப்படுகிறது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். ஆயினும் தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கிய அந்த மனிதரை நினைக்கும்போது இன்றும் எனக்குச் சற்று மயிர்க்கூச்செறிகிறது. பிறர் யாரும் அப்படிச் செய்ய வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன்.

எதிர்ப்பாற்றல் நாளெல்லாம் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. ஒரு சளிக் காய்ச்சல் வந்தால் போதும், அது விழித்துக்கொள்ளும். அப்போது வந்த பகைவனையும் தாக்கும், வீட்டுப் பிள்ளையையும் அடிக்கும். ஒரு மார்கழியில் என் மனைவியாருக்குச் சாதாரண ஜலதோஷம் கண்டது. அந்த வாரம் எண் 11,000. முழங்காலுக்குக் கீழே கடுகு தூவினாற்போலச் சிவப்புப் புள்ளிகள் வந்தன. மருத்துவர் அவரை நேரில் வரச்சொல்லி, வாயையும் தோலையும் நன்றாகப் பார்த்து, இரத்தப்போக்கு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு நாளுக்கொரு முறை காட்டச் சொன்னார். மருந்தை மாற்றவில்லை. பத்தாம் நாள் ஜலதோஷமும் போயிற்று, எண்ணும் பழைய இடத்துக்கு வந்தது.

இதுவரை சொன்னது உண்மையான ஏற்ற இறக்கம். இனி எண்ணுவதிலே நேரும் ஏற்ற இறக்கத்துக்கு வருகிறேன். பலரும் கேளாத பகுதி இதுவே.

இயந்திரங்கள் வருமுன் தட்டணுக்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் கண்ணால் எண்ணினார்கள். இயந்திரத்தின்மேல் ஐயம் எழுந்தால் இன்றும் அப்படி எண்ணுவதுண்டு. இரத்தத்தை நூறு மடங்கு நீர்த்துவிட்டு, கட்டம் போட்ட ஒரு கண்ணாடியில் இட்டுப் பார்ப்பார்கள். நடுக்கட்டம் ஒரு மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலம். அதன் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் தெரியும் தட்டணுக்களை எண்ணி ஆயிரத்தால் பெருக்கினால் விடை வரும். கவனியுங்கள்: 20,000 என்று சீட்டில் எழுதுகிறவர் தம் கண்ணால் கண்டது இருபதே இருபது தட்டணுக்கள். முற்றத்தில் கட்டம் கீறி, ஒரு கைப்பிடி நெல்லை வீசி, கட்டத்துக்குள் விழுந்த மணிகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கை வராது. இப்படிப்பட்ட எண்ணிக்கையில் நேரும் தடுமாற்றத்தின் அளவு ஏறத்தாழ அந்த எண்ணின் வர்க்கமூலம் என்று கணித நூலார் கூறுவர். இருபதின் வர்க்கமூலம் நாலரை. ஆகையால் அதே இரத்தத்தை மீண்டும் எண்ணும்போது 16 என்றோ 24 என்றோ வருவது சாதாரணம். 12 அல்லது 28 வந்தாலும் வியப்பதற்கில்லை. நலமுள்ளவர் இரத்தத்தில் 250 தட்டணுக்களை எண்ணினால் தடுமாற்றம் 16 அளவே, நூற்றுக்கு ஆறு. எண் எங்கே தாழ்ந்திருக்கிறதோ, எங்கே நமக்குக் கவலை மிகுதியோ, அங்கேயே கணக்கின் நம்பகமும் குறைகிறது.

கூல்ட்டர் என்னும் அமெரிக்கர் 1953-இல் உரிமை பெற்ற முறையைத் தழுவி, இன்று பெரும்பாலும் இயந்திரங்களே எண்ணுகின்றன. ஒரு நுண்துளை வழியே அணுக்கள் ஒவ்வொன்றாய்ச் செல்லும்போது மின்னோட்டத்தில் எழும் துடிப்பை இயந்திரம் கணக்கெடுக்கும். துடிப்பின் அளவைக்கொண்டு, சிறியது தட்டணு, பெரியது சிவப்பணு என்று பிரிக்கும். அது ஆயிரக்கணக்கில் எண்ணுவதால் நெல்மணித் தடுமாற்றம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் அதற்கு வேறு மயக்கங்கள் உண்டு. உடைந்த சிவப்பணுத் துணுக்கைத் தட்டணு என்று எண்ணிவிடும். ஐ.டி.பி. உடையவர்களின் புதுத் தட்டணுக்களில் சில பெரியவை. அவற்றைச் சிவப்பணுக்களோடு சேர்த்துவிடும். வங்காளப் பகுதியில் பிறப்பிலேயே பெரிய தட்டணுக்களும் தாழ்ந்த எண்ணும் உடைய பலர் ஒரு குறையும் இன்றி வாழ்கிறார்கள் என்பது இந்நாட்டு மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி.

இன்னொரு மயக்கம் பொல்லாதது. இரத்தம் உறையாதிருக்க ஊதா மூடியிட்ட குழாயில் ஈ.டி.டி.ஏ. என்னும் உப்பு இடுகிறார்கள். ஆயிரத்தில் ஒருவர் அளவில், அந்த உப்பிலே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பத்துப் பிள்ளைகள் கைகோத்து நின்றால் ஒருவராக எண்ணும் உபாத்தியாயரைப்போல இயந்திரம் ஏமாறும். உடம்பில் தட்டணுக்கள் நிறைந்திருக்க, சீட்டிலே மட்டும் வறுமை. கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைத் தடவி உருப்பெருக்கியில் பார்த்தால் கட்டிகள் தெரிந்துவிடும். சிட்ரேட் இட்ட வேறு குழாயில் எடுத்துப் பார்ப்பதும் உண்டு. முதன்முறையாகத் தாழ்ந்த எண் வந்தவர்கள், தகட்டில் பார்த்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. ஒருமுறை நான் பொறுமையிழந்து, ஒரே நாளில் இரண்டு பரிசோதனைச்சாலைகளில் கொடுத்துப் பார்த்தேன். ஒன்று 22,000, மற்றது 34,000. எது சரி என்று மருத்துவரைக் கேட்டேன். “இரண்டும் சரி, இரண்டும் தாழ்வு” என்றார். அன்றிலிருந்து ஒரே இடத்தில்தான் கொடுக்கிறோம்.

மருந்துகளும் எண்ணை ஆட்டுவிக்கும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் பெரும்பாலோருக்குச் சில நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் எண்ணை உயர்த்தும்; அளவைக் குறைத்துக்கொண்டு வரும்போது அது மீண்டும் இறங்குவது மிகச் சாதாரணம். நரம்பு வழியே ஏற்றும் இம்யூனோகுளோபுலின் ஓரிரு நாட்களிலேயே எண்ணைத் தூக்கிவிடும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அந்த ஏற்றம் கரைந்துபோகும். அது வாடகைக்கு வந்த உயர்வு என்று அறிந்தவர் இறங்கும்போது அழமாட்டார்.

எங்கள் வீட்டில் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மஜ்ஜையைத் தூண்டித் தட்டணு உற்பத்தியைப் பெருக்கும் எல்ட்ரோம்போபாக் என்னும் மாத்திரை 2008-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதை என் மனைவியாருக்குக் கொடுத்தார்கள். எண் 60,000-க்குமேல் ஏறிற்று. ஒரு கோடையில் மூன்றே வாரத்தில் சரசரவென்று 20,000-க்கு வந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, வேறு மருந்தில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று மருத்துவர் யோசித்தார். யோசித்தவர், “அம்மா, மாத்திரையை எப்போது விழுங்குகிறீர்கள்?” என்று கேட்டார். “காலைக் காபியோடுதான்” என்றார் இவர். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். வேலை மிகுதியில் பழைய ஒழுங்கு தவறிப்போயிற்று. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்த மாத்திரையைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், இரத்தத்தில் சேரவிடாது. பால், தயிர், சுண்ணாம்புச் சத்து மாத்திரை இவற்றை உண்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, உண்டு நான்கு மணி நேரம் கழித்தோதான் அதை விழுங்க வேண்டும் என்று முதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தவறு முழுவதும் எங்களுடையதே. இப்போது அவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தண்ணீரோடு மாத்திரை போட்டுக்கொள்கிறார். ஆறு மணிக்கு மேல்தான் காபி. எண் ஏறிவிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தை அவர் எப்படிப் பொறுக்கிறார் என்பதுதான் எனக்கு வியப்பு.

டெங்குக் காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது; தட்டணு என்ற சொல்லை ஊரெல்லாம் அறியச் செய்ததே அதுதான். அதன் கணக்கு வேறு. காய்ச்சல் தணியும் நாட்களையொட்டி எண் இறங்கி, பின்னர் தானாகவே ஏறும். அங்கே உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும், இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிந்து வெளியேறுவதே. ஆதலால் மருத்துவர்கள் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் இரத்தத்தின் அடர்த்தியையும் பார்க்கிறார்கள். நோயாளியின் உறவினரோ தட்டணு எண்ணை மட்டுமே கேட்டுக்கொண்டு, பிளேட்லெட் ஏற்றுங்கள் என்று மன்றாடுகிறார்கள். இரத்தப்போக்கு இல்லாத டெங்கு நோயாளிகளில் எண் 20,000-க்குத் தாழ்ந்தவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றுவதால் இரத்தப்போக்கு குறைகிறதா என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சோதித்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வெளிவந்தது. குறையவில்லை, ஏற்றியதால் சிலருக்குத் தொல்லை நேர்ந்ததுதான் மிச்சம்.

பப்பாளி இலைச் சாற்றின் புகழும் இங்கேதான் பிறந்தது. எண் அடிமட்டத்தைத் தொட்ட நாளில் சாறு கொடுக்கிறோம், மறுநாள் ஏறுகிறது. கொடுக்காதவருக்கும் ஏறியிருக்கும். நானும் பல ஆண்டுகள் இதே பிழையைச் செய்தவன்தான். தேர்வில் மிகத் தாழ்ந்த மதிப்பெண் வாங்கிய பையனைக் கடிந்துகொள்வேன். அடுத்த தேர்வில் கூட வாங்குவான். என் கோபத்துக்கு நல்ல பலன் உண்டென்று நம்பினேன். தாழ்ந்ததற்குத் தாழ்ந்த எண்ணுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் அதைவிட உயர்ந்ததாகவே இருக்கும் என்ற எளிய உண்மை எனக்கு ஓய்வு பெற்ற பிறகே உறைத்தது. அடிபட்ட பிள்ளைகளிடம் இப்போது போய்ச் சொல்ல முடியுமா?

எந்த எண்ணுக்கு அஞ்சுவது என்று கேட்பீர்கள். ஐ.டி.பி. உடையவர்களில் 50,000-க்குமேல் இருப்பவருக்கு அன்றாட வாழ்க்கையில் இரத்தப்போக்கு அரிது. கடுமையான இரத்தப்போக்கு பெரும்பாலும் 20,000-க்குக் கீழே, சிறப்பாகப் பத்தாயிரத்துக்கும் கீழே உள்ளவர்களிடம்தான் காணப்படுகிறது. அவர்களிலும் பலருக்கு ஒன்றும் நேர்வதில்லை. எண் 30,000-க்குக் குறையாமல், இரத்தப்போக்கு இல்லாமலோ தோலில் சிறிதளவே கண்டோ இருக்கும் வயதுவந்தவருக்கு, ஸ்டீராய்டு தொடங்காமல் கவனித்து வருவதே தக்கது என்று அமெரிக்க இரத்தவியல் சங்கம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையில் பரிந்துரைத்தது. சிறுவர்களுக்கு வரும் ஐ.டி.பி. பெரும்பாலும் சில மாதங்களில் தானே நீங்கிவிடுகிறது. பல் பிடுங்குவதற்கோ அறுவைக்கோ போகிறவர்களின் நிலைமை வேறு. அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தலைவலிக்கென்று ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவற்றைத் தாமாக வாங்கி விழுங்கவும் கூடாது. இருக்கிற தட்டணுக்களின் வேலைத்திறனையும் அவை கெடுத்துவிடும்.

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. முன்பு அதில் எண்ணை மட்டும் எழுதினேன். இப்போது நான்கு கட்டம் போட்டிருக்கிறேன்: தேதி, எண், அந்த வாரத்தில் காய்ச்சலோ மருந்து மாற்றமோ உண்டா, உடம்பில் என்ன கண்டோம். மருத்துவர் எண்ணைப் பார்த்துவிட்டு நான்காம் கட்டத்தில்தான் அதிக நேரம் நிற்கிறார். புதுப் புள்ளிகள், காரணமில்லாத கன்றல்கள், பல் துலக்கும்போது ஈறில் இரத்தம், பெண்களாயின் மாதவிலக்கின் மிகுதி, இவையெல்லாம் அந்தக் கட்டத்துக்கு உரியவை. எங்களுக்கு ஒரு வீட்டுச் சட்டமும் உண்டு. ஒரே ஓர் எண்ணைக்கொண்டு மகிழ்வதில்லை, வருந்துவதில்லை. மூன்று சீட்டுகள் ஒரே திசையில் போனால் பேசுகிறோம். இந்தச் சட்டத்தை நான் பலமுறை மீறியிருக்கிறேன். அவர் மீறியதில்லை.

ஆனால் சில நேரங்களில் சீட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. வாயின் உட்புறத்தில் இரத்தக் கொப்புளங்கள், அழுத்திப் பிடித்தும் நில்லாத மூக்கு இரத்தம், கரிபோன்ற மலம், சிறுநீரில் சிவப்பு, இதுவரை கண்டறியாத கடுந்தலைவலி, வாந்தியோடு மயக்கம், தலையில் பட்ட அடி, இவற்றில் ஒன்று நேர்ந்தாலும், சென்ற வாரத்து எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். போனதும் தட்டணுக் குறை உண்டு என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். என் மனைவியார் அதற்கென்றே ஒரு சீட்டில் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் எழுதித் தம் கைப்பையில் வைத்திருக்கிறார்.